ஏறும்போது வலிக்காத தொடை, இறங்கிய பிறகு ஏன் வலிக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 34 வயது, நாள் முழுக்க நாற்காலி வேலை. போன வாரம் குடும்பத்தோடு பழனிக்குப் போய், யானைப் பாதை வழியாக ஏறி, படிப் பாதையில் இறங்கியிருக்கிறார். ஏறும்போது மூச்சு வாங்கியது, வியர்த்துக் கொட்டியது, ஆனால் கால் வலிக்கவில்லை. இறங்குவது சுலபமாக இருந்ததால் கடகடவென்று இறங்கிவிட்டார். மறுநாள் லேசாகப் பிடித்தது. மூன்றாம் நாள் தொடையில் கை வைக்க முடியவில்லை, கழிப்பறையில் குந்தி உட்கார முடியவில்லை. ஜிம்முக்குப் போகும் நண்பர் “லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது” என்கிறார். மாமியார் “நரம்பு பிசகியிருக்கும், எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லுங்கள்” என்கிறார். யார் சொல்வது சரி? தசை உண்மையில் எப்படி வேலை செய்கிறது? 62 வயது அம்மா அடுத்த முறை நானும் வருவேன் என்கிறார், கூட்டிப்போகலாமா?

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. உங்கள் தொடையை இந்தப் பாடு படுத்தியது ஏறிய வேலை அல்ல, சுலபமாக இருந்ததாக நீங்கள் நினைத்த அந்த இறக்கம்தான். தசை சுருங்கும், சுருங்கி எலும்பை இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதே தசை, நீண்டுகொண்டே போகும்போதும் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, வண்டிக்கு பிரேக் மாதிரி. அந்தப் பாதி வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பிசியோதெரபிஸ்ட், பதினைந்து வருடமாக முட்டியும் தொடையுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தைப் புரியவைத்தாலே பாதி பயம் போய்விடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தொடையின் மேல் வையுங்கள். இப்போது தொடை தளதளவென்று இருக்கும். மெதுவாக எழுந்திருங்கள். கைக்கு அடியில் தொடை கல் மாதிரி ஆகிறது அல்லவா? நேராக நின்றதும் மறுபடி இளகிவிடும். இனி, கையை எடுக்காமல், ஐந்து எண்ணுவதற்குள் உட்காராத அளவுக்கு மெதுவாக உட்காருங்கள். தொடை மறுபடியும் கல்லாகும். எழும்போது அந்தத் தசையின் நீளம் குறைந்தது, உட்காரும்போது நீளம் கூடியது. இரண்டு நேரத்திலும் அது வேலை செய்தது. உட்காரும்போது அது வேலை செய்யாமல் விட்டிருந்தால், நீங்கள் பொத்தென்று விழுந்திருப்பீர்கள்.

படி இறங்குவதும் இப்படித்தான். வலது கால் கீழ்ப்படிக்குப் போகும்போது, மேல்படியில் நிற்கும் இடது முட்டி மெல்ல மடங்க வேண்டும். மொத்த உடம்பின் எடையும் அந்த ஒற்றைத் தொடையில் தொங்கிக்கொண்டு இறங்குகிறது. பழனியில் கிட்டத்தட்ட 700 படி. ஒரு தொடைக்கு 350 முறை.

கைக்கு அடியில் கல்லான அந்தத் தசைக்கு குவாட்ரிசெப்ஸ் என்று பெயர், நாலுதலைத் தசை. பெயருக்கு ஏற்ற மாதிரி நான்கு பகுதிகள். மூன்று பகுதிகள் தொடை எலும்பிலிருந்தே கிளம்புகின்றன. நான்காவது, நடுவில் நேராக ஓடுவது, இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து வருகிறது. அதனால் அது மட்டும் முட்டியை நீட்டுவதோடு தொடையை மேலே தூக்கவும் உதவும். நான்கும் கீழே ஒன்றாகச் சேர்ந்து முட்டிச்சில்லைப் பிடித்துக்கொண்டு, அதற்கும் கீழே கணைக்கால் எலும்பின் மேல்முனையில் இருக்கும் ஒரு மேட்டில் முடிகின்றன. முட்டிச்சில்லுக்குச் சற்றுக் கீழே தடவிப் பாருங்கள், அந்த மேடு தட்டுப்படும். முட்டிச்சில்லு இங்கே கிணற்று ராட்டினம் மாதிரி. இழுக்கும் கோட்டை மூட்டிலிருந்து சற்று முன்னால் தள்ளி வைப்பதால், அதே பலத்துக்குக் கூடுதல் பிடி கிடைக்கிறது.

தொடையின் பின்பக்கம் மூன்று தசைகள் முட்டியை மடக்குகின்றன. புட்டத்தில் இருப்பதுதான் உடம்பிலேயே பருமனான தசை, படி ஏறும்போது உங்களை மேலே தள்ளியதில் அதற்குப் பெரிய பங்கு. கீழே கெண்டைச்சதை, குதிகால் நாண். மொத்தமாக உடம்பில் எலும்போடு சேர்ந்த தசைகள் 600-க்கும் மேல். காதுக்குள்ளே ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு தசை இருக்கிறது, அதுவும் இந்தக் கணக்கில்தான். இதயத் தசையும், குடல், ரத்தக்குழாய் சுவர்களில் இருக்கும் தசையும் வேறு சாதி. அவை நாம் சொல்லிக் கேட்பவை அல்ல, இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாமியார் சொன்ன “நரம்பு” பற்றி ஒரு வார்த்தை. நம் பேச்சில் நரம்பு என்ற சொல்லுக்கு வேலை அதிகம். கையில் பச்சையாகத் தெரிகிற ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், முட்டிக்குப் பின்னால் கயிறு மாதிரி தட்டுப்படும் தசை நாணையும் நரம்பு என்கிறோம், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் “நரம்பு சுண்டி இழுக்குது” என்கிறோம். கடைசியில் சொன்னதில் இழுப்பது தசை. உடற்கூறில் நரம்பு என்பது செய்தி கொண்டுபோகும் கம்பி மட்டும்தான். அது பிசகாது, இடம் மாறி ஏறிக்கொள்ளவும் செய்யாது. நரம்பு அழுந்தினால் வலியோடு மரத்துப்போகும், சுரீரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி கால் நெடுகிலும் ஓடும். உங்களுக்கு இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி, அமுக்கினால் வலி, அசைத்தால் வலி, சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. அது தசையின் வலி.

சரி, தசைக்குள் போவோம். இதற்கு மைக்ராஸ்கோப் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை போதும். ஆட்டுத் தொடையை வெட்டும்போது மேலே வெள்ளையாகப் பளபளவென்று ஒரு சவ்வு இருக்கும். கடைக்காரர் கத்தியால் அதைச் சீவி எடுப்பார். முழுத் தசைக்குமான உறை அது. அதற்குள் கறி கட்டுக்கட்டாக இருக்கும், ஒவ்வொரு கட்டுக்கும் தனி உறை. வேகவைத்து விரலால் பிரித்தால் நார்நாராக வருமே, அந்தக் கட்டுகள்தான் அவை. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் தசையிழைகள், ஒவ்வொரு இழைக்கும் மெல்லிய உறை. இந்த மூன்று உறைகளும் தசையின் முனையில் ஒன்றாகத் திரண்டு, முறுக்கிய கயிறாகி, எலும்புக்குள் போய் ஊன்றுகின்றன. அதுதான் தசை நாண். எலும்புச் சூப்பில் கடிபடாமல் ரப்பர் மாதிரி இழுக்குமே, அது.

அந்த நாண் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. அதன் வடிவத்தைக் கண்டுபிடித்த பெருமையில் சென்னைக்குப் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வால் நாணை எக்ஸ்-கதிரில் வைத்துப் பார்த்து, மூன்று சரங்கள் பின்னிய பின்னல் அது என்று 1954-ல் எழுதினார்கள். மூணுகால் ஜடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை வகுப்பு எடுக்கும்போதும் இதைச் சொல்லாமல் நான் தாண்டுவதில்லை.

ஒரு தசையிழை என்பது ஒரே ஒரு செல். தலைமுடி அளவு மெலிசு, ஆனால் சில இழைகள் 10 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம். இவ்வளவு நீளமான செல்லை ஒரு உட்கருவால் பார்த்துக்கொள்ள முடியாது, அதனால் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் ஓரமாக வரிசையாக இருக்கும். இழைக்குள்ளே இன்னும் மெல்லிய நூல்கள், அந்த நூல் நெடுகிலும் குறுக்குக் கோடுகள். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை ஒரு அறை, அதற்கு சார்கோமியர் என்று பெயர். நீளம் சுமார் 2.5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 400 அறைகள் அடங்கும். 10 சென்டிமீட்டர் இழையில் 40,000 அறைகள், ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன. ஒவ்வொரு அறையும் அரை மைக்ரான் சுருங்கினால் போதும், இழை முழுதாக 2 சென்டிமீட்டர் குறைந்துவிடும்.

அறைக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரிய வந்தது அதே 1954-ல்தான். அதற்கு முன் பல பேர் நினைத்தது, உள்ளே இருக்கும் புரதம் சுருள்கம்பி மாதிரி மடங்குகிறது என்று. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இன்னொரு பக்கம், இரண்டு குழுவும் தனித்தனியாக வேலை செய்து, ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து எழுதினார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளும் சொந்தக்காரர்கள் கிடையாது. அவர்கள் சொன்னது இதுதான்: எதுவும் மடங்குவதில்லை, சுருள்வதில்லை. தடித்த இழை ஒன்று, மெல்லிய இழை ஒன்று, அவை ஒன்றின் ஊடாக ஒன்று சறுக்குகின்றன, அவ்வளவுதான். இரண்டு கை விரல்களையும் கோத்து உள்ளே தள்ளிப் பாருங்கள். விரல்களின் நீளம் குறையவில்லை, ஆனால் கைகள் நெருங்கிவிட்டன.

சறுக்க வைப்பது யார்? தடித்த இழை மையோசின் என்ற புரதம். ஒரு தடித்த இழையில் சுமார் 300 மையோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய இழை ஆக்டின். தேர் வடம் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்டின் வடம், மையோசின் தலைகள் அதைப் பிடிக்கும் கைகள். ஒரு கை பிடிக்கும், இழுக்கும், விடும், கொஞ்சம் தள்ளி மறுபடி பிடிக்கும். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால் தேர் பின்னால் போய்விடும். சில கைகள் விடும்போது மற்றவை பிடித்திருக்கும். அதனால்தான் இழுப்பு விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வருகிறது.

எப்போது பிடிக்க வேண்டும் என்று சொல்வது நரம்பு. முதுகின் கீழ்ப்பகுதியில், தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு தொடைக்கு வந்து, தசையிழையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது. இழையின் மேல்தோலில் ஒரு மின் அலை கிளம்பி, உள்ளே போகும் நுண்குழாய்கள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே பைகளில் அடைத்து வைத்திருக்கும் கால்சியம் வெளியே பாய்கிறது. ஆக்டின் வடத்தின் மேல் ஒரு மூடி உண்டு, சாதாரண நேரத்தில் மையோசின் கைகளுக்குப் பிடிக்க இடம் இருக்காது. கால்சியம் வந்து ஒட்டியதும் மூடி விலகும், கைகள் பாய்ந்து பிடிக்கும். அந்தக் கால்சியம் போய் ஒட்டும் புரதம் ட்ரோபோனின், 1960-களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி கண்டுபிடித்தது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் “ட்ரோபோனின் டெஸ்ட்” எடுக்கிறார்களே, அதே குடும்பம்தான். இதயத் தசை சேதமானால் அது ரத்தத்தில் கசிந்துவிடும்.

இன்னும் ஒன்று. பிடித்து இழுப்பதற்குத்தான் சக்தி செலவாகும் என்று தோன்றும். உண்மையில், பிடித்த கையை விடுவதற்கும் ஏ.டி.பி. என்ற எரிபொருள் வந்து ஒட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் கை பிடித்தபடியே நின்றுவிடும். உடம்பு இறந்த பிறகு விறைப்பது இதனால்தான். சுமார் இரண்டு மூன்று மணி நேரத்தில் விறைப்பு தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்தில் முழுதாகப் பிடித்து, ஒன்றரை இரண்டு நாளில், புரதங்களே சிதையத் தொடங்கும்போது, இளகும். வெயில் காலத்தில் இது சீக்கிரம் நடக்கும். நம் ஊர்களில் உயிர் போன சற்று நேரத்திலேயே பெரியவர்கள் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, தாடைக்கும் துணி கட்டிவிடுவார்கள். விறைப்பதற்கு முன்பே உடம்பை ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது.

ஒரு நரம்பு செல்லும் அது ஆட்டிவைக்கும் இழைகளும் சேர்ந்து ஒரு குழு. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு இழைதான் இருக்கும், அவ்வளவு நுணுக்கமான வேலை. கெண்டைச்சதையில் ஒரு குழுவுக்கு ஆயிரத்துக்கும் மேல். வேலை லேசாக இருந்தால் மூளை சின்னக் குழுக்களை மட்டும் கூப்பிடும், பாரம் ஏற ஏறப் பெரிய குழுக்களும் வரும். சின்னக் குழுக்களின் இழைகள் பெரும்பாலும் சிவப்பு ரகம். மெதுவாகச் சுருங்கும், களைப்பதில்லை. பெரிய குழுக்கள் வெள்ளை ரகம். வேகம், பலம், ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். கோழியின் கால் கறி நிறமாகவும் நெஞ்சு வெளுப்பாகவும் இருப்பது இதனால்தான். கோழி நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது, பறப்பதோ நாய் துரத்தினால் ஒரு எம்பு. நாள் முழுக்கப் பறக்கும் புறாவின் நெஞ்சுக் கறி நல்ல சிவப்பாக இருக்கும்.

இப்போது உங்கள் நண்பரின் லாக்டிக் ஆசிட். தசையில் சேமித்திருக்கும் ஏ.டி.பி. முழு வேகத்தில் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். கிரியேட்டின் பாஸ்பேட் என்ற இன்னொரு கையிருப்பு மேலும் பத்து விநாடி ஓட்டும். அதற்கு மேல் சர்க்கரையை உடைக்க வேண்டும். ஆக்சிஜன் போதிய அளவு பயன்படும்வரை அது முழுதாக எரிந்துவிடும். அவசரமாக நிறையத் தேவைப்படும்போது பாதியில் நின்று லாக்டேட் ஆகச் சேரும், லாக்டிக் ஆசிட் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். 1907-ல் இங்கிலாந்தில் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் களைத்த தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். அப்போதிலிருந்து, எந்தத் தசை வலியானாலும் பழி அதன் மேல். உண்மையில் லாக்டேட் குப்பை அல்ல. இதயம் அதை எடுத்து எரிக்கிறது, கல்லீரல் அதை மறுபடி சர்க்கரையாக்குகிறது. எவ்வளவு மூச்சிரைக்க ஏறியிருந்தாலும், சுமார் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும். நீங்கள் அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் வாங்கி வண்டி ஏறுவதற்குள் அது போயிருக்கும். மூன்றாம் நாள் வலிக்கு அதை எப்படிக் குற்றம் சொல்வது?

1983-ல் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவைச் சமதரையில் ஓடவிட்டார்கள், இன்னொரு குழுவைச் சரிவில் கீழ்நோக்கி ஓடவிட்டார்கள். சமதரையில் ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறியது, அடுத்த நாட்களில் வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறவே இல்லை, ஆனால் வலி பின்னி எடுத்தது. அதே வருடம் இன்னொரு சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஆள், ஒரு படி. எப்போதும் ஒரு காலால் ஏற வேண்டும், இன்னொரு காலைத் தாங்கி இறங்க வேண்டும். இப்படி இருபது நிமிடம். ஆளும் ஒன்று, ரத்தமும் ஒன்று, சாப்பாடும் ஒன்று. அடுத்த நாட்களில் வலித்தது இறக்கிய தொடை மட்டும்தான்.

ஏன் அப்படி? வடத்துக்கே திரும்புவோம். ஏறும்போது கைகள் வடத்தை இழுக்கின்றன, வடம் கைகளின் பக்கம் வருகிறது. இறங்கும்போது கயிறு இழுக்கும் போட்டியில் தோற்கிற கட்சி மாதிரி. கைகள் விடாமல் பிடித்திருக்கின்றன, ஆனால் எதிர்ப்பக்கத்துப் பாரம் கயிற்றை உருவிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு பிடியும் தானாக விடுவதற்கு முன்பே பிய்க்கப்படுகிறது. இப்படிப் பிய்ந்து விடுபடும்போது ஏ.டி.பி. செலவு குறைவு. தவிர, நீளும்போது ஒவ்வொரு இழையும் கூடுதலான பாரத்தைத் தாங்கும் என்பதால், மூளை குறைந்த இழைகளையே வேலைக்குக் கூப்பிடுகிறது. அதனால்தான் இறக்கத்தில் உங்களுக்கு மூச்சு வாங்கவில்லை.

எவ்வளவு குறைவான செலவு என்பதை 1952-ல் லண்டனில் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே செயினால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும், மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். பலம் இரண்டு பேர் காலிலும் ஒன்றுதான், மிதிப்பவரின் தசை சுருங்குகிறது, தடுப்பவரின் தசை நீள்கிறது. பிரெண்டா பிக்லண்ட் என்ற சிறிய உருவமுள்ள பெண் ஆராய்ச்சியாளர் தடுத்து உட்கார்ந்தார். எதிரே மிதித்த பெரிய உருவமுள்ள ஆண் மூச்சிரைத்து ஓய்ந்துபோனார், பிரெண்டாவுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. குறைந்த இழைகள், கூடுதல் பாரம். 40,000 அறைகள் கோத்த ரயிலில் எல்லாப் பெட்டியும் ஒரே பலம் கிடையாது. நீட்டி இழுக்கும்போது பலவீனமான அறைகள் அளவுக்கு மீறி நீண்டு, திரும்ப ஒழுங்காகக் கோத்துக்கொள்ள முடியாமல் நின்றுவிடுகின்றன. படி இறங்க வைத்து, பிறகு தசையில் ஒரு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஆய்வுகளில், நேர்க்கோடாக இருக்க வேண்டிய குறுக்குக் கோடுகள் கோணல்மாணலாகக் கலைந்து கிடந்தன. 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர், இந்த வலி களைப்பினால் வருவதல்ல, உள்ளே ஏதோ கிழிவதால் வருவது என்று எழுதிவைத்தார்.

கிழிந்த உடனே ஏன் வலிக்கவில்லை? நுண்ணளவில் நடந்த சேதம் அது, அந்த இடத்தில் வலி நரம்புகளுக்கு உடனே செய்தி போவதில்லை. அடுத்த சில மணி நேரத்தில் உடம்பு அந்த இடத்தைச் சுத்தம் செய்ய ஆட்களை அனுப்புகிறது. வெள்ளணுக்கள் வரும், நீர் கோக்கும், அங்கே சுரக்கும் ரசாயனங்கள் வலி நரம்புமுனைகளின் உணர்ச்சியைக் கூட்டிவிடும். இது முற்றிப்போக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அதனால்தான் சாதாரணமாகத் தொட்டாலே வலிக்கிறது. குந்தி உட்காரும்போது வலி உச்சத்துக்குப் போவதும் இதே காரணம்தான், அந்த நிலையில் தொடைத் தசை மிகவும் நீண்டு இழுபடுகிறது.

பயப்பட வேண்டாம், இது உடம்புக்குப் பழகிய ரிப்பேர் வேலை. தசையிழைகளின் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் சில செல்கள் உண்டு, அலெக்சாண்டர் மௌரோ 1961-ல் கண்டு சொன்னவை. சேதம் நடந்தால் அவை விழித்து, பெருகி, இழையோடு சேர்ந்து புது உட்கருக்களைத் தருகின்றன. ஐந்து முதல் ஏழு நாளில் வலி போய்விடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். அடுத்த சில வாரங்களுக்குள் அதே படியை இறங்கிப் பாருங்கள், வலி வெகுவாகக் குறைந்திருக்கும். ஒரே ஒரு முறை அடிபட்டதிலேயே தசை பாடம் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் அங்கேயே கடை வைத்திருப்பவர்கள் தினமும் ஏறி இறங்கினாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை.

இப்போதைக்கு என்ன செய்யலாம்? படுத்தே கிடக்காதீர்கள். சமதரையில் மெதுவாக நடங்கள், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். எண்ணெய் தடவி லேசாகத் தேய்த்துவிடுவதில் தவறில்லை, மாமியார் மனதும் குளிரும். அழுத்தி உருவுவது மட்டும் வேண்டாம், ரிப்பேர் நடக்கிற இடத்தில் மறுபடி கிளறுவதாகும். தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள், அது வலியைக் கழுவிவிடும் என்று குடிக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனாலோ, தொடை வீங்கி இறுகிப்போனாலோ, காலைத் தூக்கவே முடியாத அளவுக்குப் பலம் போனாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். தசை பெரிய அளவில் உடைந்து அதன் சிவப்புப் புரதம் ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அபூர்வம்தான், ஆனால் காத்திருக்கக் கூடாத அபூர்வம். ஒரு காலில் மட்டும், அதுவும் கெண்டைச்சதையில் வீக்கமும் வலியும் இருந்தால் அது ரத்தக் கட்டாகவும் இருக்கலாம், அதையும் காட்டிவிடுங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றி. வயது ஏற ஏறத் தசை குறையும், முதலில் குறைவது அந்த வேகமான வெள்ளை இழைகள். வயதானவர்கள் படிக்கட்டில் விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான், பிரேக் பிடிக்க வேண்டிய கணத்தில் தொடை சற்று தாமதித்துவிடுகிறது. நல்ல செய்தி என்னவென்றால், ஏற்றும் பலத்தைவிட இறக்கும் பலம் வயதில் மெதுவாகத்தான் குறைகிறது, பழக்கினால் நன்றாகவே திரும்பி வருகிறது. தைவானில் பருமனான முதிய பெண்கள் 30 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 12 வாரம் மாடிப்படி ஏற மட்டும் வைத்தார்கள், இன்னொரு பாதியை இறங்க மட்டும். இரண்டு குழுவும் மறுபக்கம் லிப்டில் போனார்கள். 2017-ல் வெளியான முடிவில், தொடை பலம், நடை, சமநிலை எல்லாவற்றிலும் இறங்கியவர்களே அதிகம் முன்னேறியிருந்தார்கள். அவர்களுக்கு மூச்சும் அவ்வளவாக வாங்கவில்லை.

அதனால் அம்மாவுக்கு இப்போதே ஆரம்பியுங்கள். முட்டியோ இதயமோ ஏற்கெனவே தொல்லை என்றால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால், ஒவ்வொரு முறை நாற்காலியில் உட்காரும்போதும் ஐந்து எண்ணி உட்காரச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை. இரண்டு வாரம் கழித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி நிதானமாக இறங்கட்டும். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், இடையில் தசைக்கு ஓய்வு வேண்டும். அப்புறம் இரண்டு மாடி, மூன்று மாடி. இரண்டு மூன்று மாதத்தில் படிப் பாதையில் உங்களோடு கூடவே இறங்குவார். இதெல்லாம் செய்யாமல் அடுத்த வாரமே கிளம்புவதாக இருந்தால், யானைப் பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் நடந்தே ஏறட்டும். இறங்குவதற்கு விஞ்ச் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.